இசை இதழின் அட்டை யாரை அழைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் பகுதிகளிலிருந்து அட்டை வடிவமைப்புக்காக என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள், ‘ஓர் இசை இதழுக்கு அட்டை செய்து, அது இலக்கு வாசகரை எப்படி ஈர்க்கிறது என்று விளக்குக’ என்ற பயிற்சியோடு வருகிறார்கள். மற்றவர்கள் சபாவின் ஆண்டு மலர், தேவாலயப் பாடகர் குழுவின் சிறப்பிதழ், ஊர்ப் பாட்டுத் தொகுப்பு என்று உண்மையாகவே அச்சுக்குப் போகும் வேலையோடு வருகிறார்கள். இரு சாராரும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் பேச்சு நடையை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மேல்நாட்டு இதழ்களை அங்கங்கே எடுத்துக்காட்டியிருப்பது, மாணவர்கள் அவற்றையே முன்மாதிரியாகக் கொண்டு வருவதால்தான்.

உள்ளே நல்ல விஷயம் இருந்தா போதாதா சார்? அட்டைக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

உள்ளே இருப்பதை முழுதும் படித்துப் பார்த்துவிட்டு எவரும் இதழ் வாங்குவதில்லை. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் இதழ்கள் நைலான் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்குகின்றன. ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடப்பதால் சிலவற்றின் மேற்பகுதியும் சிலவற்றின் இடது ஓரமும் மட்டுமே கண்ணில் படுகின்றன. பேருந்துக்கு நிற்பவரின் பார்வை அந்தக் கயிற்றின்மீது ஓடும் சில நொடிகளுக்குள் ‘இது நமக்கான இதழ்’ என்று அவருக்குத் தோன்றியாக வேண்டும்.

சந்தாவில் வீடு தேடி வரும் இதழுக்கு இந்த நெருக்கடி குறைவு. அதன் அட்டை கத்த வேண்டியதில்லை. மேசைமேல் ஒரு மாதம் கிடந்தாலும் சலிக்காமல் இருந்தால் போதும். சபா மலர்களை உறுப்பினர்களின் கையிலேயே கொடுப்பதால் அவற்றின் நிலை வேறு. ஆகவே வண்ணம், எழுத்து என்று தொடங்குவதற்கு முன், உங்கள் இதழ் எந்த வழியாக வாசகர் கைக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இலக்கு வாசகர்னா யாரு? எல்லாரும் வாங்கணும்னுதானே ஆசைப்படுவோம்?

ஆசைப்படலாம், ஆனால் எல்லாரையும் அழைக்கும் அட்டையை யாரும் தம்மை அழைத்ததாக எடுத்துக்கொள்வதில்லை. மாணவர்களின் அறிக்கையில் ‘15 முதல் 25 வயது வரையிலான ஆண், பெண் இருபாலர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு வண்ணத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. எதைக் கேட்டு வளர்ந்தார், எப்போது கேட்கிறார், யாருடன் சேர்ந்து கேட்கிறார், பாட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்தவர் என்ற நான்கும் தெரிந்தால்தான் வாசகர் முகம் தெரியத் தொடங்கும்.

நம் கரையிலேயே பாருங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால், இங்கே ஒரு தலைமுறையே இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது. அந்த வானொலியின் அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்க்கும் அறுபது வயதுக்காரர் ஒருவர். ராமநாதபுரத்தில் மிருதங்கம் கற்கும் பதினாறு வயதுப் பையன் இன்னொருவர். கீழக்கரையில் பெருநாள் காலையில் நாகூர் ஹனிபாவின் பாடல்களை ஒலிக்கவிடும் குடும்பத்தலைவி மூன்றாமவர். மண்டபத்தில் ரயில் ஏறி மதுரைக்குப் படிக்கப் போகும்போது காதில் ராப் பாட்டோடு உட்கார்ந்திருக்கும் மாணவி நான்காமவர். இவர்கள் நால்வருக்கும் ஒரே அட்டை போட்டால், நால்வருமே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அட்டையில என்னென்ன பகுதி இருக்கும்? அறிக்கையில எழுதணும், பேரெல்லாம் சொல்லுங்க.

மேலே இதழின் பெயர். இதை மாஸ்ட்ஹெட் என்பார்கள். நடுவில் முதன்மைப் படம். படத்தின் மேலோ அருகிலோ முதன்மைக் கட்டுரையின் தலைப்பு, ஓரங்களில் மற்றக் கட்டுரைகளைச் சொல்லும் கவர் லைன்கள், சில இதழ்களில் அடியில் ஒரு வண்ணப் பட்டை, மூலையில் மாதம், விலை, பட்டைக்குறி. ‘இலவசம்’, ‘சிறப்பிதழ்’ என்று வட்டத்துக்குள் வருவதைப் பஃப் என்று குறிப்பிடுகிறார்கள். இவற்றின் பெயர்களை ஒப்பிப்பதால் மதிப்பெண் கூடாது. ஒவ்வொன்றும் மேலே சொன்ன வாசகரை மனத்தில் வைத்து ஏன் அந்த இடத்தில், அந்த அளவில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

அட்டையில இருக்கிற ஆள் எப்பவும் நம்மளையே பாக்கிற மாதிரி இருக்கே, அது ஏன்? கச்சேரிப் படத்துல அப்படி இல்லையே?

நேராகப் பார்க்கும் கண்கள், பாடகருக்கும் ரசிகருக்கும் இடையே ஓர் உறவு இருப்பது போன்ற உணர்வைத் தருகின்றன. பாப் இதழ் வாங்கும் பதின்வயதினர் இசையோடு சேர்த்து அந்த உறவையும் வாங்குகிறார்கள். 1978-இல் பிரிட்டனில் தொடங்கி 2006 வரை வந்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ பிரகாசமான வண்ணங்களோடும் சிரித்த முகங்களோடும் வந்தது அவர்களுக்காகத்தான். அதே நாட்டில் 1981-இல் தொடங்கிய ‘கெராங்!’ கடும் ராக் இசைக்கான இதழ். முதல் அட்டையில் ஏசி/டிசி குழுவின் கிதார் கலைஞர் ஆங்கஸ் யங் இடம்பெற்றார். இதழின் பெயரே மின்கிதாரை ஓங்கி மீட்டும் ஓசையிலிருந்து வந்தது. பெயரெழுத்துகள் கண்ணாடி விரிசல் விட்டது போல வடிவமைக்கப்பட்டன. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ‘சத்தம் பிடிக்காதவர்கள் விலகிப் போகலாம்’ என்று அந்த எழுத்து சொல்லிவிடுகிறது.

கர்நாடக இசை வாசகர் தேடுவது வேறு. வித்வான் தம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. கண் மூடி, கை உயர்ந்து, ஒரு சங்கதி, அதாவது பாட்டு வரியின் ஒரு மெருகு, பிடிபடும் அந்தக் கணத்தில் தாமும் முன்வரிசையில் இருப்பதாக உணர விரும்புகிறார். 1930-களில் ஆனந்த விகடனில் ஓவியர் மாலி வரைந்த வித்வான்களின் கோட்டோவியங்களை மூத்த ரசிகர்கள் இன்றும் பேசுவது, முகச்சாயலை விடக் கையசைவையும் உடல் வளைவையும் அவர் பிடித்ததால்தான். பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், ராமநாதபுரம் கிருஷ்ணன் ஆகிய கர்நாடக இசைப் பாடகர்களைக் கொடுத்த ஊரில் சபா மலருக்கு அட்டை செய்பவர், ஸ்டூடியோவில் நிற்கவைத்து எடுத்த படத்தை ஒதுக்கிவிட்டு மேடைப் படத்தைத் தேடுவது நல்லது.

படத்தை இடம் வலமா திருப்பிப் போட்டா தலைப்புக்கு நல்லா இடம் கிடைக்குது. திருப்பலாமா அண்ணே?

வேண்டாம். மிருதங்கக் கலைஞர் நமக்கு எதிரே அமர்ந்திருந்தால் அவருடைய வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரியும். கரணை என்ற கறுப்பு வட்டம் உள்ள வலப்பக்க முகமான வலந்தலையும் அதே பக்கம் தெரியும். படத்தைத் திருப்பினால் கரணை வலப்பக்கம் போய், அவர் இடக்கையால் வாசிப்பவராகிவிடுவார். பழநி சுப்பிரமணிய பிள்ளை போன்ற இடக்கை மேதைகள் உண்மையில் இருந்திருப்பதால், விவரம் தெரிந்த வாசகர் இதை வெறும் படமாகப் பார்க்க மாட்டார். ஒரு தகவலாகவே படிப்பார். இரண்டாம் கேள்வியில் சொன்ன பதினாறு வயது மாணவன் முதல் பார்வையிலேயே ‘இந்த இதழ்க்காரர்களுக்கு மிருதங்கம் தெரியாது’ என்று முடிவு செய்துவிடுவான்.

கிதார், வீணை, வயலின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சேலைத் தலைப்பு விழும் தோள், சட்டைப்பை இருக்கும் பக்கம், பின்னால் தெரியும் பதாகை எழுத்து ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். தலைப்புக்கு இடம் வேண்டுமானால் படம் எடுக்கும்போதே கலைஞரை ஓர் ஓரத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கலர் போட்டா இளைஞர்களுக்குப் பிடிக்கும்?

எந்த வண்ணத்துக்கும் வயது கிடையாது. பழக்கத்தால் சில சேர்க்கைகள் சில இசைக்கு உரியனவாகிவிட்டன. கறுப்புப் பின்னணியும் ரத்தச் சிவப்பும் மஞ்சளும் கடும் ராக் இசைக்கு, பளீரென்ற இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் பாப் இசைக்கு, பழுப்பும் அரக்கும் நிறைய வெற்றிடமும் செவ்வியல் இசைக்கு என்று உலகெங்கும் பழகிப்போயிருக்கிறது. வாசகர் அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் தூரத்திலிருந்தே இனம் காண்கிறார்; ஆகவே அதை மீறுபவர் தெரிந்து மீற வேண்டும்.

நம் ஊரில் இதற்கு இன்னோர் அடுக்கு உண்டு. மேல்நாட்டுப் பாடப்புத்தகம் எதுவும் இதைச் சொல்லித் தராது. இங்கே இரண்டு வண்ணங்களை அடுத்தடுத்து வைத்தால் அது கொடியாகிவிடும். ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் இ. எம். ஹனிபாவை (1925–2015) எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இஸ்லாமியப் பக்திப் பாடல்களுக்கும் புகழ்பெற்றவர், திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைப் பாடல்களுக்கும் புகழ்பெற்றவர். அவர் படத்தைப் பச்சைப் பின்னணியில் வைத்தால் பக்திப் பாடல் தொகுப்பு என்று வாசகர் நினைப்பார். அதே படத்தைக் கறுப்பு மேலும் சிவப்பு கீழுமாக வைத்தால் கட்சி மலர் என்று நினைப்பார். வெண்கலக் குரலுக்காக மட்டுமே அவரைக் கேட்கும் வாசகரை அழைக்க வேண்டுமானால், இரண்டையும் தவிர்த்து ஆழ்ந்த நீலத்துக்கோ மணல் நிறத்துக்கோ போக வேண்டியிருக்கும். ஒரே பாடகர், ஒரே படம். வண்ணம் மாறினால் வாங்குபவரும் மாறிவிடுகிறார்.

கட்சியைப் போலவே சாதியும் உண்டு. தென்மாவட்டங்களில் மாணவர்கள் கையில் கட்டும் கயிற்றின் வண்ணமே சில இடங்களில் சாதியைச் சொல்கிறது. நீங்கள் அழகுக்காகச் சேர்த்த இரு வண்ணங்கள் ஒரு தெருவில் வரவேற்பையும் அடுத்த தெருவில் முகச்சுளிப்பையும் பெற்றுத்தரக் கூடும். அச்சுக்குப் போகும் முன் ஊரில் விவரம் தெரிந்த இருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கடையில தொங்கவிட்ட அட்டை ஒரு மாசத்துல வெளுத்து, சுருண்டும் போயிடுதே?

ஆஃப்செட் அச்சின் நான்கு மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலுக்கு முதலில் இறங்கும். சயான் நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். பாம்பன், ராமேசுவரம் கடைகளில் பழைய அட்டைகள் எல்லாம் நீலம் பாரித்துக் கிடப்பது இதனால்தான். மனிதத் தோலின் நிறம் பெரிதும் மஞ்சளிலும் மெஜந்தாவிலுமே உருவாவதால் பாடகரின் முகம் முதலில் போய்விடும். பருவ இதழுக்கு இது பொருட்டில்லை. ஓராண்டு விற்பனையில் இருக்க வேண்டிய மலருக்கு, இதழின் பெயரையும் முக்கியக் கோடுகளையும் கறுப்பிலோ அடர்நீலத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

சுருளுவதற்குக் காரணம் ஈரக்காற்று. அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்தால், உட்பக்கத் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும். படலம் ஒட்டிய பக்கம் விரியாது. அட்டை வெளிப்பக்கமாக வளையும். இந்த விவரத்தைச் சிவகாசி அச்சகத்தில் முன்கூட்டியே சொன்னால் தடித்த தாளையோ வார்னிஷ் பூச்சையோ பரிந்துரைப்பார்கள். பின் அடிக்கும் இதழாக இருந்தால் உப்புக்காற்றில் பின்னும் துருப்பிடிக்கும்.

இங்கிலீஷ் அட்டையில பெரிய எழுத்துல போட்டு அசத்துறாங்க. தமிழ்ல பெரிய எழுத்தே இல்லையே, என்ன செய்யறது?

தமிழில் அழுத்தம் காட்ட மூன்று வழிகள் உண்டு: எழுத்தின் பருமன், அளவு, வண்ணம். ஆங்கில அட்டையைப் பார்த்து வரிகளை நெருக்கி அடுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உண்டு; நெருக்கினால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். சொற்களும் நீளமானவை. ‘பின்னணிப் பாடகர்களின்’ என்ற ஒரே சொற்றொடர் ஒரு நெடுவரிசையை நிரப்பிவிடும். ஆகவே அட்டையில் வரிகளைக் குறைத்து, உள்ளவற்றுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதே தமிழுக்கு ஏற்றது.

எழுத்துருவின் குணமும் வாசகரைப் பிரிக்கும். கையால் எழுதியது போன்ற வளைந்த எழுத்து பழைய திரைப்பாடல் ரசிகருக்குச் சுவரொட்டி நினைவைத் தரும். சீரான கனமுள்ள கட்டையெழுத்து இளையவருக்கு இக்காலத்ததாகத் தெரியும். தடித்தும் மெலிந்தும் வரும் மரபெழுத்து செவ்வியல் இசைக்குப் பொருந்தும். ஒரே அட்டையில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம். இன்னொன்று: பழைய ஃபோட்டோஷாப்பில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிழை திருத்துபவரிடம் கோப்பாகக் காட்டாமல் அச்சுப்படியாகக் காட்டுங்கள்.

ராக் இதழ்ல பாடகர் தலை இதழ் பேரையே மறைச்சுக்கிட்டு நிக்குதே. நாங்களும் அப்படி வைக்கலாமா?

1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ அதைத் துணிந்து செய்கிறது. பாதிப் பெயர் மறைந்தாலும் வாசகர் அந்த எழுத்து வடிவத்தை வைத்தே அறிந்துகொள்வார் என்ற நம்பிக்கை அதற்கு உண்டு. நட்சத்திரம் முன்னால் வந்து நிற்பது போன்ற ஆழமும் கிடைக்கிறது. முதல் இதழ் கொண்டுவரும் ஒருவருக்கு அந்த நம்பிக்கைக்கான அடிப்படையே இல்லை.

தமிழில் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் நடுப்பகுதி மறைந்தால் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். தமிழில் ஒரு சிறு உறுப்பு மறைந்தால் வேறு எழுத்தாகிவிடும். இதழின் பெயர் ‘பண்’ என்று வைத்துக்கொள்வோம். பாடகரின் கொண்டை அந்தப் புள்ளியை மறைத்தால் ‘பண’ என்றாகும். ‘இசை’ என்ற பெயரில் ஐகாரக் கொம்பு மறைந்தால் ‘இச’ மட்டும் நிற்கும். மறைக்கத்தான் வேண்டுமென்றால் ‘ப’, ‘ட’ போன்ற நேர்கோட்டு எழுத்துகளின் அடிப்பகுதியில் தோளோ முடியோ சிறிது ஏறலாம். புள்ளி, கொம்பு, கொக்கி, சுழி ஆகியவற்றைத் தொடக் கூடாது.

கவர் லைன்ல என்ன எழுதினா எடுப்பாங்க?

வாசகருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. ‘சண்முகப்ரியாவில் மூன்று பாணிகள்’ என்று எழுதினால் ராகம் தெரிந்தவர் உடனே எடுப்பார்; தெரியாதவர் தமக்கில்லை என்று நகர்வார். ‘நீங்கள் முணுமுணுக்கும் பாட்டு எந்த ராகம்?’ என்று எழுதினால் பின்னவர் எடுப்பார். முன்னவர் இது தொடக்கநிலை இதழ் என்று விட்டுவிடுவார். இரண்டும் சரியான வரிகளே. இரண்டையும் ஒரே அட்டையில் வைப்பதுதான் தவறு.

விளிப்பும் அப்படியே. இளையவருக்கான இதழ் என்பதால் ‘நீ’ என்று எழுதலாமா என்று கேட்கிறார்கள். பாட்டு வரியில் ‘நீ’ இயல்பு. அச்சிதழின் அட்டை முன்பின் அறியாதவரை ‘நீ’ என்றால் நம் ஊரில் அது மரியாதைக் குறைவாகவே படும். கல்லூரிக்குள் மட்டும் புழங்கும் இதழானால் பரவாயில்லை. வியப்புக்குறியைக் குறையுங்கள். ‘அதிரடி’, ‘மெகா’ போன்ற சொற்கள் எல்லா இதழ்களிலும் இருப்பதால் எதையும் தனித்துக் காட்டுவதில்லை.

இலவசமா ஏதாவது குடுத்தா விக்குமா?

வாசகர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு உதவும் பொருளாக இருந்தால் விற்கும். ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ பாட்டு வரிகளை அச்சிட்டுக் கொடுத்தது, சேர்ந்து பாட விரும்பும் பிள்ளைகளுக்காக. நம் திரையரங்கு வாசல்களில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் செய்ததும் அதைத்தான். 1992-இல் தொடங்கிய ‘பிபிசி மியூசிக்’ இதழ் ஒவ்வொரு இதழோடும் குறுந்தகடு கொடுத்தது, செவ்வியல் இசையைச் சேகரித்து வைக்கும் வழக்கமுள்ளவர்களுக்காக. அறிக்கையில் ‘இலவச ஸ்டிக்கர் கொடுத்து ஈர்த்திருக்கிறேன்’ என்று எழுதும் மாணவர், அந்த ஸ்டிக்கரை வாசகர் எங்கே ஒட்டுவார் என்பதையும் எழுத வேண்டும்.

இதழையே இலவசமாக்குவது வேறு விஷயம். 1952 முதல் வந்த லண்டன் இசை வார இதழ் ‘என்எம்இ’ 2015-இல் இலவசமாக்கப்பட்டது. 2018-இல் அதன் அச்சு வார இதழ் நின்றுபோனது. காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் வாசகரிடமிருந்து, வழியில் கையில் வாங்கிக்கொள்ளும் எல்லாரிடமும் போனபின் அட்டை யாரை அழைப்பது என்ற கேள்வியே மங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

ஜான் லெனன் அட்டை ஒண்ணுல எழுத்தே இல்லையாமே. அப்ப கவர் லைனே தேவையில்லைதானே?

நீங்கள் சொல்வது 1981 ஜனவரி 22 தேதியிட்ட ‘ரோலிங் ஸ்டோன்’. பீட்டில்ஸ் குழுவின் பாடகர் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் உள்ள அந்தப் படத்தை ஆன்னி லீபோவிட்ஸ் எடுத்தது 1980 டிசம்பர் 8 அன்று. அதே நாள் இரவில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் இதழின் பெயரைத் தவிரத் தலைப்புகள் எவையும் இல்லை. 2005-இல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம், முந்தைய 40 ஆண்டுகளின் சிறந்த அட்டையாக அதைத் தேர்ந்தெடுத்தது.

வாசகருக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்ததால்தான் அங்கே எழுத்து தேவைப்படவில்லை. படத்தில் இருப்பவர் யார், என்ன நடந்தது, ஏன் இப்போது என்ற மூன்றுக்கும் அவரிடமே விடை இருந்தது. உங்கள் அட்டையில் உள்ள பாடகரை உங்கள் கல்லூரிக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்றால், எழுத்தை நீக்குவது துணிச்சல் ஆகாது. பெயர் மறைப்பது பற்றிச் சொன்ன அதே காரணம் இங்கும் பொருந்தும்.

பொண்ணு படம் போட்டா விக்கும்னு சொல்றாங்களே?

யாருக்கு விற்கும் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பாடகியை வெறும் அழகுக்காக நிறுத்தும் அட்டை, பாட்டுக்காக வாங்கும் பெண் வாசகரை விலக்குகிறது. இரண்டாம் கேள்வியில் வந்த ரயில் மாணவி தன்னைப் பாடும் இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புவாளே தவிர, பார்க்கப்படும் பொருளாகப் பார்க்க விரும்ப மாட்டாள். கருவியைக் கையில் அலங்காரமாகக் கொடுத்து எடுக்கும் படமும் இதே வகை. விரல் சரியான தந்தியில் இருக்கிறதா என்று அந்தக் கருவி வாசிக்கும் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

இணையத்துல எடுத்த படம், வாட்ஸ்அப்ல வந்த படம் இதெல்லாம் போடலாமா?

ஏ4 அளவு அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வெட்டுக்காக நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதல். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால் அதை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும் என்பதால் ப்ரூஃப் (மாதிரி அச்சு) பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். உரிமையைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படத்தையும் கலைப்படைப்பாகவே கொள்கிறது; எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இப்ப எல்லாரும் போன்லதானே பாக்கிறாங்க? அதுக்கு வேற அட்டை வேணுமா?

வேறு அட்டை தேவையில்லை. அதே அட்டையைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இதழின் பெயரும் ஒரு முகமும் தெரிந்தால் போதும். கவர் லைன்கள் அங்கே படிக்கப்படுவதில்லை. அவற்றைப் பகிரும்போது தனிச் செய்தியாக எழுதிக்கொள்ளலாம்.

இலக்கு வாசகரை ஈர்த்திருக்குன்னு அறிக்கையில எப்படி நிரூபிக்கிறது?

நண்பர்களிடம் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டு வாங்கிய பாராட்டு சான்றாகாது. உங்கள் வாசகர் என்று நீங்கள் கருதும் சிலரிடமும், அல்லாத சிலரிடமும் அட்டையைச் சில நொடிகள் மட்டும் காட்டிவிட்டு மறையுங்கள். பிறகு இது எதைப் பற்றிய இதழ், யார் வாங்குவார்கள், விலை என்ன இருக்கும் என்று கேளுங்கள். முன்னவர்கள் ‘நான் வாங்குவேன்’ என்றும் பின்னவர்கள் ‘எனக்கில்லை, ஆனால் என் தம்பி வாங்குவான்’ என்றும் சொன்னால் அட்டை வேலை செய்கிறது. எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் இரண்டாம் கேள்வியின் விடைக்குத் திரும்பிப் போங்கள்.

எங்க ஊர் மீனவங்க வலை இழுக்கும்போது பாடுற அம்பாப் பாட்டைத் தொகுத்து ஒரு இதழ் கொண்டுவர்றோம் அண்ணே. கடல், படகு, சூரியன் மறையிற மாதிரி அட்டை போட்டா சரியா இருக்குமா?

யார் வாங்க வேண்டும் என்பதில்தான் விடை இருக்கிறது. மாலைச் சூரியனும் நிழலுருவப் படகும் ராமேசுவரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணியை அழைக்கும் படம். கடலில் நிற்பவர் எவரும் தம் வேலையை அந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. ஆய்வாளர்களுக்கான இதழ் என்றால் படமே இல்லாமல், ஒரு பாட்டின் முதல் வரியைப் பெரிதாக அச்சிட்ட அட்டைகூடப் போதும். பாடியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வாங்க வேண்டும் என்றால், கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் ஆட்களை, அவர்கள் இழுக்கும் வரிசையிலேயே நின்று படம் எடுங்கள்: ஈரக் கயிறு, அதைப் பற்றிய கைகள், முன்னால் நின்று அம்பா எடுத்துக்கொடுப்பவரின் திறந்த வாய். அவர்கள் படத்தில் முதலில் பார்ப்பது வலையையும் கயிற்றையும்தான். விசைப்படகுப் படத்தை வைத்துக் கரைவலைப் பாட்டு என்று தலைப்பிட்டால், மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டதற்கு நேர்ந்த கதிதான்.

பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை 90.4’ சமுதாய வானொலியைக் கேட்கும் குடும்பங்கள்தான் உங்கள் முதல் வாசகர்கள் என்று நான் கருதுகிறேன். அவர்களில் பலர் படிப்பதை விடக் கேட்பவர்கள். அதனால் அட்டையிலேயே பாட்டை ஒலிக்கவிடும் க்யூஆர் குறியை, கீழ்மூலையில் ஒளித்துவைக்காமல், தலைப்புக்கு அடுத்த இடத்தில் வெள்ளைப் பின்னணியில் தெளிவாக வையுங்கள். பாடியவர்களின் பெயரையும் ஊரையும் உட்பக்கத்துக்குத் தள்ளாமல் முன்னட்டையின் அடிப்பட்டையில் போடுங்கள். விலையை முன்னட்டையில் போட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் கேட்கத் தயங்கியே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.